நோய்க்கு முன் சேர்க்கும் காசு



அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆயினும் வாகனக் கூலி, வெளியில் வாங்கும் மருந்து, இழந்த நாட்கூலி ஆகியவை எம் தலையில்தான் விழுகின்றன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் இதை நன்கறிவர். ஒரு காய்ச்சலுக்கே நகை அடைவுக்குப் போய்விடும்.

வழி என்ன? கொக்குவிலுக்கு அண்மையிலுள்ள மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 19ஆம் நூற்றாண்டில் எம்மவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் நாடு திரும்பிய பின்னும் அந்தக் கல்வி இங்கே நின்றது. 1930களில் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. கூட்டுறவில் அங்கத்தவரே உரிமையாளர்.

இலாப நோக்கற்ற நிறுவனத்தின் பணியும் இதுவே: கற்பித்து, கணக்கைப் பழக்கி, பொறுப்பை மக்களிடம் விடுதல். உதவி ஒருநாள் நின்றுவிடும், சங்கம் நிற்கும்.

செய்து பாருங்கள்:

1. இருபது குடும்பங்கள் மாதம் 100 ரூபா சேர்த்தால், ஆண்டுக்கு 24,000 ரூபா.
2. எந்தத் தேவைக்கு, எவ்வளவு கொடுப்பது என முதலிலேயே எழுதுங்கள்.
3. மாதந்தோறும் கணக்கைக் கூட்டத்தில் உரத்து வாசியுங்கள்.
4. கொதித்தாறிய நீரையே பருகுங்கள். தடுத்த நோய்க்குச் செலவில்லை.

சிந்திக்க: நாளை ஊர் திரும்பினால், எம்முடன் வரப்போவது எது?