கறியில் வாடை எங்கிருந்து வருகிறது?



"மான் கறின்னாலும் சரி, காட்டுப்பன்னிக் கறின்னாலும் சரி, ஒரு வாடை அடிக்கத்தானே செய்யும்? அதுக்குத்தான் மசாலாவைத் தூக்கலாப் போடறோம்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. முற்றிய ஆண் பன்றியின் கொழுப்பில் இயற்கையாகவே ஒரு நாற்றம் இருக்கும். அதை எந்தக் கத்தியாலும் முழுக்கப் போக்க முடியாது. ஆனால் நாம் 'காட்டு வாடை' என்று சொல்வதில் பெரும்பகுதி காட்டிலிருந்து வருவதில்லை. அறுத்தவர் கையிலிருந்து வருகிறது. சூடு ஆறாத உடம்பு, கிழிந்த குடல், ஒட்டிய மயிர், அழுக்குத் தண்ணீர் ஆகிய நான்கும்தான் காரணம். நோயைக் கொண்டு வருவதும் பெரும்பாலும் இவைதான். ஆகவே ருசிக்கு ஒரு பாடம், சுகாதாரத்துக்கு ஒரு பாடம் என்று இரண்டு வேண்டாம். ஒரே பாடம் போதும்.

காட்டுக்கறி உண்ணாத குடும்பங்களும் இதைப் படிக்கலாம். தீபாவளிக்கு நாலைந்து வீடு சேர்ந்து ஆடு வெட்டிக் கூறு போடும்போதும் இதே விதிகள்தான்.

முதலில் சட்டம்

நம் தீபகற்பத்தில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. மான் இனம் குறைந்துவிட்டதால் ருசா, கீஜாங் போன்றவற்றை வேட்டையாட விடுவதில்லை. மான் கறிக்கு ஆசைப்பட்டால் பண்ணையில் வளர்த்த மான்தான் வழி. செம்பனைக் கன்றைத் தோண்டிப் போடும் காட்டுப்பன்றியைச் சுடுவதானாலும் பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். கண்ணி வைப்பது குற்றம். ஒரு சட்டிக் கறிக்காக வீட்டுப் பிள்ளை கோர்ட்டு வாசலில் நிற்கலாமா?

கண்ணியில் சிக்கியதும் நாய் விரட்டிப் பிடித்ததும் ருசியிலும் மட்டம். உயிருள்ள தசையில் ஒருவகைச் சர்க்கரைச் சத்து இருக்கிறது. உயிர் போன பிறகு அது புளிப்பாக மாறி, கறி சீக்கிரம் கெடாமல் காக்கிறது. ஓடி ஓடிக் களைத்த விலங்கில் அந்தச் சத்து முன்பே தீர்ந்துபோகும். அதனால் கறி கறுத்து, விறைத்து, விரைவில் கெட்டுப்போகும்.

அறுக்கும் முறை

1. கை, கத்தி, பலகை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரப்பர் கையுறை போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருப்பவர் அன்றைக்கு அறுக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி விலங்கின் மூத்திரத்திலிருந்து புண் வழியாகத்தான் நம் உடம்பில் ஏறுகிறது.

2. நேரம்தான் பெரிய எதிரி. விலங்கின் உடம்புச் சூடு ஏறக்குறைய 39 பாகை. நம் ஊர் வெயிலும் 30 பாகைக்கு மேல். இந்தச் சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரு மணி நேரத்துக்குள் குடலை வெளியே எடுத்துவிடுங்கள். 'வீட்டுக்குக் கொண்டு போய்ப் பார்த்துக்கலாம்' என்று கோணிச்சாக்கில் கட்டி மோட்டார் சைக்கிளில் ஏற்றினால், கறி சாக்குக்குள்ளேயே வேகத் தொடங்கிவிடும்.

3. ஆசனவாயைச் சுற்றி அறுத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். தொண்டையில் உணவுக்குழாயையும் அப்படியே கட்டுங்கள். வயிற்றுத் தோலைக் கீறும்போது கத்தி முனை மேல் நோக்கி இருக்கட்டும். இரண்டு விரலை அடியில் கொடுத்துக் குடலை விலக்கிக்கொண்டே போங்கள். குடல், மூத்திரப்பை, பித்தப்பை இவற்றில் ஒன்று கிழிந்தாலும் கறி கெட்டது. கிழிந்துவிட்டால் கழுவிப் பரப்பாதீர்கள். அழுக்குப் பட்ட இடத்தை வெட்டி எறியுங்கள்.

4. மானுக்கும் ஆட்டுக்கும் தோலை உரிக்கும்போது மயிர்ப்பக்கம் கறியில் படக்கூடாது. தோலைத் தொட்ட கையால் கறியைத் தொடாதீர்கள். பன்றியைத் தீயில் வாட்டிச் சுரண்டுவது நம் வழக்கம். முதலில் குடலை எடுத்துவிட்டு, பிறகு வாட்டுவதே நல்லது.

5. ஆற்றுத் தண்ணீரிலும் கால்வாய்த் தண்ணீரிலும் அலசாதீர்கள். உள்ளே சுத்தமான துணியால் துடைத்தால் போதும். ஈரமான கறிதான் சீக்கிரம் நாறும். குண்டு பட்ட இடத்தில் கன்றிப்போன சதையை ஒரு கையகலம் தாராளமாக வெட்டி எறியுங்கள்.

6. விலா எலும்பை ஒரு குச்சி வைத்து விரித்து, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். உடனே தொடை, முன்கால், விலா என்று பிரித்து ஐஸில் வையுங்கள். குளிர்நாட்டில் மானை நாள் கணக்கில் வெளியே தொங்கவிடுவார்கள். அந்தப் பழக்கம் நெகிரி செம்பிலானுக்கு ஆகாது. நமக்கு ஐஸ்பெட்டிதான். அதில் ஒன்றிரண்டு நாள் வைத்துச் சமைத்தால் விறைப்பு நீங்கிக் கறி மெதுவாகும்.

7. மான் கொழுப்பு வாயில் மெழுகு போல ஒட்டும். முற்றிய ஆண் பன்றிக் கொழுப்பு நாறும். இரண்டையும் சீவி எறிந்துவிடுங்கள்.

புக்கிட் பெலாண்டோக் சொன்ன பாடம்

'பெலாண்டோக்' என்றால் மலாயில் சருகுமான். அந்தப் பேர் கொண்ட ஊர் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1998 கடைசியிலும் 1999 தொடக்கத்திலும் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியது. முதலில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். 1999 மார்ச்சில்தான் அது புதிய கிருமி என்று தெரிந்தது. சுங்கை நிப்பாவின் பேரையே அதற்கு வைத்தார்கள். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த கிருமி அது. நாடு முழுக்க 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் அறுப்புக்கூடத் தொழிலாளர் 11 பேருக்கு நோய் கண்டு, ஒருவர் இறந்தார்.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். அது பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில் வந்த நோயல்ல. நோயுற்ற பன்றியைத் தொட்டு, அதன் எச்சிலிலும் இரத்தத்திலும் கை வைத்து வேலை செய்தவர்களைத்தான் பிடித்தது. உழைக்கிறவன் கைதான் முதலில் ஆபத்துக்கு நீள்கிறது. கையுறை போடு என்று சொல்வது அதனால்தான்.

ஓடாமல் தள்ளாடி நிற்கும் விலங்கு, தானாகச் செத்துக் கிடக்கும் விலங்கு ஆகியவற்றைத் தொடவே கூடாது. 2021-இல் நம் நாட்டுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் மனிதரைத் தொற்றாது. ஆனால் பன்றிகளைக் கூட்டமாகக் கொல்லும். செத்த பன்றியைக் கண்டால் கால்நடை இலாகாவுக்குத் தகவல் சொல்லுங்கள். ஈரலில் கட்டியோ, புழுவோ, வெள்ளைப் புள்ளியோ தெரிந்தால் அந்தக் கறியை ஆசைப்பட்டு எடுக்காதீர்கள்.

அடுப்பில்

தாய்மார்களே, மிச்ச வேலை உங்கள் கையில் என்று ஆண்கள் நழுவப் பார்ப்பார்கள். அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். காட்டுப்பன்றிச் சதையில் கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் இருக்கலாம். ஐஸ்பெட்டியில் உறைய வைத்தாலும் சாகாத வகைகள் உண்டு. கறியின் நடுப்பகுதி 71 பாகைச் சூடு ஏறினால்தான் பயமில்லை. அளக்கக் கருவி இல்லையா? துண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புத் தெரியக்கூடாது. சாறு தெளிவாக வரவேண்டும். 2003-இல் ஜப்பானில் மான் இறைச்சியைப் பச்சையாகத் தின்றவர்களுக்கு ஈரல் நோய் கண்டது ஆராய்ச்சியில் தெரியவந்தது. அரைவேக்காட்டுக் கறியும், 'சும்மா வாட்டின' ஈரலும் வேண்டாம். கர்ப்பிணிகள் பச்சைக்கறியைக் கையாளாமல் இருப்பது நல்லது.

காட்டுக்கறி அறுத்த சில நாளிலோ, ஓரிரு வாரத்திலோ காய்ச்சல், கடுமையான தலைவலி, உடம்புவலி கண்டால் பெனடோல் போட்டுப் படுத்துக் கிடக்காதீர்கள். கிளினிக்குக்குப் போங்கள். "டாக்டர், நான் பன்னி அறுத்தேன்" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் உயிரைக் காப்பாற்றலாம்.

நல்ல கறிக்கு மசாலா துணை. சுத்தமான கைதான் முதல். அடுத்த முறை கூறு போடும்போது இந்தப் பக்கத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.