படைவீரன் படிக்க வேண்டிய நூல்கள்

முன்னுரை

போர் மறம் சார்ந்தது. எனினும் மறத்திற்கும் ஓர் அறம் உண்டு எனக் கண்டவர்கள் நம் முன்னோர். போர் தொடங்குமுன் ஆநிரை, பார்ப்பார், பெண்டிர், பிணியுடையோர், புதல்வரைப் பெறாதோர் ஆகியோரைப் பாதுகாப்பான இடம் சேருமாறு அறிவிக்கும் வழக்கத்தைப் புறநானூற்றின் 9-ஆம் பாடல் காட்டுகிறது. சிரியா நோக்கிப் புறப்பட்ட படைக்கு முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள், பெண்டிரையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிமரங்களை வெட்டலாகாது என அறிவுறுத்தினார்கள். அன்று வாய்மொழியாய் வழங்கிய அறம் இன்று சட்டமாகவும் விதியாகவும் நூல்வடிவம் பெற்றுள்ளது. அவற்றுள் ஒவ்வொரு வீரனும் படிக்க வேண்டியவை எவை என்பதை ஈண்டுக் காண்போம்.

புதுவையும் படைப்பணியும்

இவ்வாராய்ச்சி புதுவைக்கு அயலானதன்று. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவுச் சின்னம் நம் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியோரைச் ‘சொல்தா’ என அழைப்பது புதுவை வழக்கு. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த பின்னர், சொல்தாக் குடும்பங்களும் இந்தியப் படைவீரர் குடும்பங்களும் ஒரே ஊரில் வாழ்ந்து வருகின்றன. எனவே, இருநாட்டுப் படை விதிகளும் நம் ஊரார் வாழ்வைத் தொட்டவையே.

வேலூர் தரும் பாடம்

விதியை அறிவது ஏன் இன்றியமையாதது? 1806-ஆம் ஆண்டு வேலூர் இதற்கு விடை கூறுகிறது. சென்னைப் படைக்கென ஆங்கிலத்தில் வகுக்கப்பட்ட புதிய விதித்தொகுப்பு, அணிவகுப்பின்போது நெற்றிக் குறியும் காதணியும் கூடாது என்றது. தாடியை மழிக்கப் பணித்தது. மீசைக்கும் ஒரே வடிவம் வகுத்தது. உடன் வந்த புதிய தலைப்பாகை இந்து, முஸ்லிம் வீரர் இருசாராரையும் புண்படுத்தியது. அதனை அணிய மறுத்தோருள் இருவருக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. விதிக்கு உட்பட்டவர்கள் அதனை ஆக்கியோரிடம் முறையிட வழியில்லை. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் கிளர்ச்சி மூண்டது. காரணங்கள் பல இருப்பினும் உடனடிக் காரணம் இவ்விதிகளே. பின்னர் அவை திரும்பப் பெறப்பட்டன. ஆளுநர் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிரடாக்கும் திருப்பியழைக்கப்பட்டனர்.

படிக்க வேண்டியவை

முதலாவது, 1950-ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம். இதன் 41-ஆம் பிரிவு ஆணையை மீறுவோனைத் தண்டிக்கிறது. ஆயின் ‘சட்டத்திற்கு இயைந்த ஆணை’ என்றே அப்பிரிவு குறிப்பிடுகிறது. கீழ்நிலையினரைத் துன்புறுத்தும் மேலாளை 47-ஆம் பிரிவு தண்டிக்கிறது. தனக்குத் தீங்கு இழைக்கப்பட்டதாகக் கருதும் வீரன் தன் அணியின் தலைவரிடம் முறையிடலாம். அத்தலைவரே தீங்கு இழைத்தவராயின் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் செல்லலாம் என்கிறது 26-ஆம் பிரிவு. விடுப்பில் வந்த வீரன் உரிய சான்றிதழைக் காட்டினால், அவனுடைய வழக்கை இயன்றவரை விடுப்புக் காலத்திற்குள் முடிக்குமாறு நீதிமன்றங்களை 32-ஆம் பிரிவு பணிக்கிறது. நிலத்தகராறுள்ள குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

இரண்டாவது, 1954-ஆம் ஆண்டின் இராணுவ விதிகள். குற்றச்சாட்டைக் கட்டளை அதிகாரி விசாரிக்கும்போது, எதிர்ச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வீரனுக்கு 22-ஆம் விதி உரிமை தருகிறது. இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படுவோன் வேண்டினால், குற்றப் பத்திரிகையை அவனுக்குப் புரியும் மொழியில் பெயர்த்துத் தரவேண்டும் என்கிறது 34-ஆம் விதி. தமிழ் மட்டுமே நன்கறிந்த வீரனுக்கு இஃது ஒரு கேடயம்.

மூன்றாவது, 1949-ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகள். இந்தியா இவற்றை 1960-இல் தன் சட்டத்திலும் ஏற்றது. சிறைப்பட்ட வீரன் தன் பெயர், பதவி, பிறந்த நாள், படை எண் ஆகியவற்றை மட்டும் கூறினால் போதும். போர்க்கைதி முகாம்தோறும் உடன்படிக்கையின் வாசகத்தைக் கைதிகளின் தாய்மொழியிலேயே பார்வைக்கு வைக்க வேண்டும். இவற்றைப் படைப்பயிற்சியில் பாடமாக்குவதும் நாடுகளின் கடமையாகும்.

பிரெஞ்சுப் படையின் 1966-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்கு விதிகளும் இக்கருத்தினவே. சட்டத்திற்கும் போர் மரபுக்கும் மாறான செயலைச் செய்யுமாறு ஆணையிடலாகாது; வீரன் அதனைச் செய்யவும் ஆகாது என்பது இன்றும் அந்நாட்டுச் சட்டம். இருவேறு நாடுகளின் நூல்களும் கீழ்ப்படிதலுக்கு எல்லை வகுப்பதை நோக்குக.

நான்காவது, ஓய்வூதிய ஒழுங்குமுறைகள். இவற்றை வீரன் மட்டுமன்றி அவன் மனைவியும் அறிதல் வேண்டும். வீரன் மறைந்த பின்னர் அலுவலகப் படியேறுவோர் அவரே அல்லரோ? உரிமை மறுக்கப்பட்டால் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தை நாடலாம். அதன் அமர்வு சென்னையிலும் உண்டு. 2022 முதல் அக்னிவீரராகச் சேரும் இளைஞர்க்குப் பணி 4 ஆண்டுகளே. அப்பணிக்கு ஓய்வூதியம் இல்லை. ஆதலின், கையொப்பமிடுமுன் தம் பணி நிபந்தனைகளை அவர்கள் முழுவதும் படித்தல் வேண்டும்.

முடிவுரை

கீழ்ப்படிதல் படைக்கு முதுகெலும்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும், எதற்குக் கீழ்ப்படிகிறோம் என அறிந்து கீழ்ப்படிபவனே வீரன்; அறியாது செய்பவன் வெறுங் கருவி. படையில் சேரும் நம் மாணவர்கள் இந்நூல்களைத் தேடிப் படித்தல் வேண்டும். இவற்றின் சாரத்தை எளிய தமிழில் கைநூலாக்கி அவர்தம் இல்லங்களிற் சேர்ப்பது தமிழ் கற்ற நமக்குரிய பணியாகும். புரியும் மொழியில் குற்றப் பத்திரிகை கேட்கும் உரிமையைச் சட்டமே தந்திருக்க, அவ்வுரிமை உண்டென்பதையேனும் தமிழில் சொல்லிவைப்பது நம் கடனன்றோ!