திருப்பணியும் சுண்ணாம்புச் சாந்தும்

கும்பாபிஷேகத்திற்கு முன்னர் ஆலயத்தின் பழைய மண்டபங்களையும் மதில்களையும் பழுதுபார்ப்பது வழக்கம். உதிர்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டுச் சீமெந்து பூசுவதே இன்று பெரும்பாலும் நடைபெறுகின்றது. சில மாரிகள் கழிந்ததும் பூச்சுப் பொருமி, கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுகின்றது. இதன் காரணத்தை அடியார்கள் அறிந்திருத்தல் நன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல்லால் ஆனது. நம் முன்னோர் அக்கல்லைச் சூளையில் சுட்டு, நீரூற்றி நீற்றி, மணலுடன் குழைத்துக் கட்டினர். சுடும்போது கல்லிலிருந்து காபனீரொட்சைட்டு வாயு நீங்குகின்றது. பூசிய சாந்து அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்பப் பெற்று மெல்ல மெல்லக் கல்லாகின்றது. இதற்கு ஈரமும் காற்றும் வேண்டும்.

சுண்ணாம்புச் சாந்து சுவரின் ஈரத்தை வெளியேவிடும். சீமெந்தோ எளிதில் விடாது. அடைபட்ட நீர் மென்மையான கல்லின் வழியே வெளியேறுகையில், அதிலுள்ள உப்பு படிகமாகிக் கல்லை உதிர்க்கின்றது. ஆகவே சாந்து கல்லிலும் சற்று மென்மையாய் இருத்தல் வேண்டும். சாந்து பழுதானால் மாற்றலாம். பழைய கல்லை மாற்றுவது அரிது.

அப்படியாயின் சுண்ணாம்பைப் பலப்படுத்துவது எவ்வாறு? உரோமர் எரிமலைச் சாம்பலைச் சேர்த்தனர். அதிலுள்ள சிலிக்கா சுண்ணாம்புடன் கூடி, நீருக்கடியிலும் இறுகும். சாம்பல் கிடையாத இடங்களில் செங்கல் தூள் அவ்வேலையைச் செய்தது. சீனர் பசையரிசிக் கஞ்சியையும், தமிழ்நாட்டுக் கொத்தர் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்த்தனர்.

திருப்பணியில் கவனிக்க வேண்டியவை:

1. நீற்றிய சுண்ணாம்பை நீரில் மூழ்கவைத்துக் குறைந்தது 3 மாதம் ஊறவிடுக. நீற்றும்போது கடும் வெப்பம் எழும், கண்ணுக்கும் கேடு. சிறுவரை அண்டவிடலாகாது.

2. சுண்ணாம்புக் களி 1 பங்கு, உப்பில்லாத மணல் 2 பங்கு, நன்கு அரித்த செங்கல் தூள் 1 பங்கு எனக் கலக்கலாம். முதலில் ஒரு சிறு இடத்தில் பூசிப் பார்க்கவும்.

3. சுவரை நனைத்து, அரை அங்குலத்திற்கு மேற்படாமல் பூசுக. ஒரு பூச்சு இறுகிய பின்னரே அடுத்தது.

4. ஈரச் சாக்கினால் மூடி, ஒரு வாரமாவது வெயில் படாது காக்கவும்.

நாள் குறித்தபின் அவசரமாய்த் தொடங்கும் வேலைக்குச் சுண்ணாம்பு இணங்காது. பாலஸ்தாபனத்திற்குப் பல மாதம் முன்னரே சுண்ணாம்பு நீற்றப்பட வேண்டும். இவ்வேலை தெரிந்த முதிய மேசன்மார் அருகி வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே இளைஞர்களை அருகில் நிறுத்திப் பழக்குவதும் ஒரு திருப்பணியே. பரிபாலன சபையினரும் உபயகாரரும் இதனைச் சிந்திப்பார்களாக.