பேட் வாங்கும் முன்

ஆம்பூர்

அன்புள்ள பாப்பாவுக்கு, மாமா எழுதுவது.

டேபிள் டென்னிஸ் பேட்டுக்குக் கார்பன் பிளேடு வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாயாம். அம்மா என்னைக் கேட்டாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். காரணத்தை உனக்கே எழுதுவதுதான் முறை.

சரத் கமல் அடிப்பதைப் பார்த்து வந்த ஆசை இது என்று தெரியும். 2006இல் மெல்போர்னிலும், பதினாறு ஆண்டு கழித்து நாற்பது வயதில் பர்மிங்ஹாமிலும் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்றவர் அவர். அப்பா சீனிவாச ராவும் சித்தப்பா முரளிதர ராவும் சிறு வயதிலிருந்தே பயிற்சி கொடுத்து வளர்த்த கை அது. அந்த அடிக்குக் காலும் இடுப்பும் தோளும் வேலை செய்கின்றன. பிளேடு மட்டும் அதைக் கொடுத்துவிடாது.

உன் ஆட்டம் வேறு. சர்வீஸ் போட்டதும் குட்டையாகப் புஷ் வைக்கிறாய், அடித்தால் பிளாக் செய்கிறாய், நீளமாக வந்தால் டாப்ஸ்பின் போடுகிறாய், சமயத்தில் பின்னால் போய்ச் சாப்பும் செய்கிறாய். ஆல்ரவுண்ட் ஆட்டம் என்பது இதுதான். எனக்கு மிகவும் பிடித்த ஆட்டமும் இதுதான். ஸ்வீடனின் வால்ட்னர் 1992இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 38 வயதில், ஏதென்ஸில், மறுபடி அரையிறுதி வரை வந்தார். பந்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்படி ஆடுகிறவருக்குப் பந்து பேட்டில் துளி நேரம் கூடுதலாக நிற்க வேண்டும். கார்பன் சேர்ந்தால் பிளேடு விறைத்துவிடும், பந்து பட்டவுடன் தெறிக்கும். ஓங்கி அடிக்க அது நல்லது. ஆனால் வலைக்குப் பக்கத்தில் நீ மெதுவாக வைக்கும் புஷ் அதே தெறிப்பில் உயர எழும்பி, எதிராளி அடிக்கத் தோதாகப் போய் விழும். சர்வதேச விதிப்படி பிளேடின் கனத்தில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும். மெல்லிய இழை ஒன்று சேர்வதற்கே இவ்வளவு குணம் மாறுகிறது என்றால் பார்த்துக்கொள்.

ஆகவே ஐந்து அடுக்கு மரப் பிளேடு வாங்கு. கனம் ஐந்தரை முதல் ஆறு மில்லிமீட்டருக்குள், எடை 80 முதல் 88 கிராமுக்குள் இருந்தால் போதும். ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக் பல பத்தாண்டுகளாக இதற்குப் பெயர் பெற்றது. மீரட்டின் ஸ்டாக்கும் ஆல்ரவுண்ட் பிளேடு செய்கிறது. ஏழு அடுக்குப் பக்கம் இப்போது போகாதே.

கடையில் பெட்டியில் போட்ட எண்ணை மட்டும் நம்பாதே. இங்கே ஆம்பூரில் தோல் தரம் பார்ப்பவர், அளவுகோலில் 1.2 மில்லிமீட்டர் காட்டும் இரண்டு தோலையும் மடித்து, தடவிப் பார்த்துத்தான் பிரித்து வைப்பார். மரமும் அப்படித்தான், ஒரே மாடலில் இரண்டு பிளேடு ஒன்றுபோல் இருக்காது. விரல் முட்டியால் தட்டிப் பார். ஓசை கூர்மையாகக் கேட்டால் விறைப்பு அதிகம், தணிந்து கேட்டால் இளக்கம். ரப்பர் இரண்டும் ஒட்டிய பிறகு எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதையும் மனதில் வை. உன் மணிக்கட்டுக்கு அது முக்கியம்.

கைப்பிடி எது என்று நான் சொல்ல மாட்டேன். அடி விரிந்ததும் நேரானதும் இரண்டையும் பிடித்து, ஃபோர்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்கு மாற்றிப் பார்.

கார்பன் வாங்காமல் மிச்சமாகும் பணத்தை ரப்பருக்குப் போடு. அதன் அடியிலுள்ள பஞ்சு 1.8 அல்லது 2 மில்லிமீட்டர் இருக்கட்டும். நாளைக்கு பேக்ஹேண்டில் வேறு ரப்பர் போட்டுப் பார்க்க ஆசை வந்தால், மரப் பிளேடு அதற்கும் இடம் கொடுக்கும். 2024இல் பூசானில் சீனாவின் சுன் யிங்ஷாவை வென்ற நம் அய்ஹிகா முகர்ஜி, பேக்ஹேண்டில் சுழலைச் செத்துப்போகச் செய்யும் ஆன்டி ரப்பரோடுதான் ஆடினார்.

வேலூர் வெயிலில் பேட்டை அப்பாவின் ஸ்கூட்டர் டிக்கியில் விடாதே, ரப்பர் காய்ந்துபோகும். பழைய பேட்டும் இருக்கட்டும். புதியது பழகும் வரை போட்டிக்கு அதையே எடுத்துப் போ. பேட் வாங்கச் சென்னைக்குப் போகும் நாளை முன்கூட்டியே சொல், நானும் வருகிறேன்.

அன்புடன்,
மாமா