செங்கல்பட்டிலிருந்து ஃபுளோரிடாவுக்கு

கேள்வி: பத்மஸ்ரீ பெற்ற, பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினர் இருவரைப் பற்றி அதிகம் அறியப்படாத செய்தி ஏதேனும் உண்டா?

பதில்: செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். வளர்ப்புப் பிராணியாக வந்து காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பைப் பிடிப்பதே வேலை. ஆங்கிலம் தெரியாததால் மொழிபெயர்ப்பாளர்கள் உடன் சென்றார்கள். தடம், எச்சம், உரித்த சட்டை ஆகியவற்றைப் பார்த்தே பாம்பைத் தேடுவது அவர்கள் முறை. முதல் எட்டு நாளில் 13 பாம்புகள் சிக்கின. அவற்றில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. பர்மிய மலைப்பாம்பு அவர்கள் ஊரில் பிடிக்கும் இனம் அல்ல என்பதுதான் வேடிக்கை.

இந்தப் பயணத்துக்கு முன்னே இருளர்களின் வாழ்வில் இன்னொரு திருப்பம் உண்டு. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டதும் இருளர்களின் பிழைப்பு போயிற்று. அமெரிக்காவில் பிறந்த ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சு எடுக்கப்பட்டு, முறிமருந்து தயாரிப்போருக்கு விற்கப்படுகிறது. சில வாரங்களில் பாம்புகள் காட்டிலேயே விடப்படுகின்றன. வடிவேல், மாசி இருவருக்கும் பத்மஸ்ரீ 2023-இல் வந்தது.