கைப்பேசியில் அறிவியல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மார்ச் பிறந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கின் புலனக் குழுக்களில் ஒரு செய்தி வலம் வரும். ஈக்குவினாக்ஸ் காரணமாக அடுத்த சில நாள் வெயில் 40 பாகையைத் தொடும், நண்பகலிலிருந்து மூன்று மணிவரை யாரும் வெளியே தலை காட்டாதீர்கள் என்று மிரட்டும். அதைப் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அம்மா பெற்றோர் குழுவில் போடுவார். கிள்ளானில் ஒரு தாத்தா குடும்பக் குழுவுக்கு அனுப்புவார். அதே குழுக்களில்தான் "பிள்ளைக்கு இணையத்தில் நல்ல அறிவியல் பாடம் எங்கே கிடைக்கும்?" என்ற கேள்வியும் வருகிறது. நியாயமான கேள்வி. பதில் சொல்லப் போனால் சில நம்பிக்கைகள் குறுக்கே நிற்கின்றன. அந்தப் புலனச் செய்தியிலிருந்தே தொடங்குவோம்.

நம்பிக்கை: ஈக்குவினாக்ஸ் வந்தால் மலேசியா கொதிக்கும்.

உண்மை: பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் அந்த நாள் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், தவறாமல் வருகிறது. அதுதான் காரணம் என்றால் ஆண்டுதோறும் இரண்டு முறை 40 பாகையைப் பார்த்திருப்போம். மலேசியாவில் பதிவான உச்ச வெப்பம் 40.1 பாகை. பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில், 1998 ஏப்ரல் 9 அன்று. அது கடுமையான எல் நினோ காலம். ஈக்குவினாக்ஸ் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

புலனச் செய்தியைப் பொய் என்று தள்ளிவிடுவதைவிடச் சுவையான வேலை ஒன்று உண்டு. கோலாலம்பூரும் கிள்ளானும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் இருக்கின்றன. எனவே சூரியன் நம் உச்சந்தலைக்கு வருவது ஈக்குவினாக்ஸ் அன்று அல்ல. ஒரு வாரம் கழித்து, மார்ச் 28 வாக்கில். நேரமும் பன்னிரண்டு அல்ல, பிற்பகல் ஏறக்குறைய 1:18. நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின்படி ஓடுகிறது. நாம் வாழ்வதோ 101.7 பாகையில். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளிச் சபா, சரவாக்கோடு சேர்த்துக்கொண்டதிலிருந்து நம் 'நண்பகல்' பெரும்பாலும் ஒரு மணிக்கு மேல்தான். ஸ்டெல்லாரியம் என்ற இலவசக் கோளரங்கச் செயலியில் இடத்தைக் கிள்ளான் என்று கொடுத்து, நாளையும் நேரத்தையும் வைத்தால் சூரியன் நடு உச்சியில் நிற்பது தெரியும். பிறகு பிள்ளையை வாசலுக்கு அழைத்துப் போய், நேராக நிற்கும் ஒரு குழாயையோ தண்ணீர்ப் போத்தலையோ தரையில் வைக்கச் சொல்லுங்கள். மேகம் மறைக்காவிட்டால் நிழல் அதன் காலடிக்குள் ஒடுங்கிவிடும். தவறவிட்டவர்களுக்குச் செப்டம்பர் 14, 15 வாக்கில், 1:08 மணி அளவில் இன்னொரு வாய்ப்பு.

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்லவேண்டும். அமெரிக்க, ஐரோப்பியத் தளங்கள் பலவற்றில் 'நண்பகலில் சூரியன் தெற்கே இருக்கும்' என்று எழுதியிருக்கும். அவர்கள் ஊருக்கு அது சரி. நமக்கு மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் வடக்கே. பெரிய நிறுவனத்தின் தளம் என்பதாலேயே அதில் உள்ளதெல்லாம் பந்திங்குக்கும் பத்துமலைக்கும் பொருந்திவிடாது. நம் வாசலில் சரிபார்க்க முடிகிற பாடத்தையே நான் முதல் தரம் என்பேன்.

நம்பிக்கை: தமிழில் அறிவியல் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

உண்மை: தேடுகிற இடம் தவறு. யூடியூபில் தேடினால் 'உங்களுக்குத் தெரியாத பத்து அதிசயங்கள்' கிடைக்கும், வேறென்ன கிடைக்கும்? கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் பாவனைச் சோதனைகளில் பல தமிழிலும் மலாயிலும் உள்ளன. தமிழ்நாட்டு அரசின் பள்ளிப் பாடநூல்கள் தமிழ் வழியில் முழுமையாக இணையத்தில் இலவசம். நம் ஆண்டு, படிவக் கணக்கோடு வகுப்புகள் அப்படியே ஒத்துவராது, தலைப்பைப் பார்த்து எடுக்கவேண்டும். குப்பையில் போகும் பொருள்களால் அறிவியல் பொம்மை செய்யும் அர்விந்த் குப்தாவின் காணொலிகள் தமிழ்க் குரலோடும் உண்டு. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் அறிவியல் கட்டுரைகள் ஏராளம், தரம் மட்டும் ஏற்ற இறக்கமாக இருக்கும்.

நம்பிக்கை: தமிழில் அறிவியல் படித்தால் படிவம் ஒன்றில் பிள்ளை தடுமாறும்.

உண்மை: இது மலேசியத் தமிழ்ப் பெற்றோரின் பழைய கவலை. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்துப் படிப்படியாகத் திருப்பினார்கள். 2016-இல் இருமொழித் திட்டம் வந்து தகுதி பெற்ற பள்ளிகளில் ஆங்கிலம் மீண்டும் நுழைந்தது. இத்தனை ஊசலாட்டத்தில் பெற்றோர் குழம்பியதில் வியப்பில்லை. இணையம் இதற்கு எளிய வழி தருகிறது. ஃபெட் சோதனையைப் பிள்ளை முதலில் தமிழில் செய்யட்டும். அடுத்த நாள் அதே சோதனையை மலாயிலோ ஆங்கிலத்திலோ திறக்கட்டும். பொத்தான்கள் இருக்குமிடம் மாறாது, பெயர் மட்டுமே மாறும். ஆறாம் ஆண்டு முடிந்த பள்ளி விடுமுறையில் இதைச் செய்துவிட்டால் படிவம் ஒன்றின் கலைச்சொற்கள் அவ்வளவு அந்நியமாக இருக்காது.

நம்பிக்கை: தெளிவாக விளக்கும் காணொலி ஒன்றைப் பார்த்தால் பாடம் புரிந்துவிடும்.

உண்மை: பார்த்த பிள்ளை 'புரிந்தது' என்றுதான் சொல்லும். வெரிட்டாசியம் என்ற யூடியூப் அலைவரிசையால் இன்று உலகறிந்த டெரெக் முல்லர் 2008-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் ஆய்வு இதைப் பற்றியதே. தெளிவான இயற்பியல் காணொலியைப் பார்த்த மாணவர்கள் எளிதாக இருந்தது என்றார்கள். அவர்கள் மதிப்பெண்ணோ பெரிதாக நகரவில்லை. மாணவர்களிடம் ஏற்கனவே இருக்கும் தவறான எண்ணத்தை எடுத்துப்போட்டு, அது ஏன் தவறு என்று உரையாடிய காணொலி குழப்பமாக இருந்ததாகச் சொன்னார்கள். அதைப் பார்த்தவர்களோ கூடுதலாகக் கற்றிருந்தார்கள்.

மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். தொடர் இணைப்பில் இரண்டு பல்புகள் இருந்தால் முதல் பல்பு மின்சாரத்தைத் தின்றுவிடும், இரண்டாவது மங்கலாக எரியும் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள் (பெரியவர்களும்தான்). ஃபெட்டின் மின்சுற்றுச் சோதனையைத் திறந்து, 'எது அதிகம் பிரகாசிக்கும், சொல்' என்று முதலில் கேட்டுவிடுங்கள். பிறகு பிள்ளையே மின்கலத்தையும் கம்பியையும் இழுத்து இணைக்கட்டும். ஒரே மாதிரி பல்புகள் என்றால் இரண்டும் ஒரே அளவில்தான் எரியும். கம்பிக்குள் நகரும் நீலப் புள்ளிகள் எலெக்ட்ரான்கள். பல்புக்கு முன்னும் பின்னும் அவற்றின் வேகம் மாறவே மாறாது. ஒரு பல்பைக் கழற்றினால் மற்றதும் அணையும். பக்க இணைப்புக்கு மாற்றிக் கழற்றினால் மற்றது எரிந்துகொண்டே இருக்கும். பல்பே இல்லாமல் மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். பிள்ளைகள் அதை வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்வார்கள், விட்டுவிடுங்கள். வீட்டு விளக்குகள் ஏன் பக்க இணைப்பில் உள்ளன என்று அதன் பிறகு யாரும் விளக்க வேண்டியிராது.

நம்பிக்கை: கூகுளில் முதலில் வருவது சரியாகத்தான் இருக்கும்.

உண்மை: முதலில் வருவது பல நேரம் விளம்பரம். விளம்பரம் இல்லாவிட்டாலும், பிழையான படம் ஒன்று நூறு தளங்களில் நகலெடுக்கப்பட்டால் அதுதான் முன்னே நிற்கும். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்பகுதியில் கசப்பு என்று பிரித்துக் காட்டும் சுவைப் படம் இதற்கு நல்ல சான்று. ஜெர்மானியர் ஹேனிக் 1901-இல் வெளியிட்ட அளவீட்டில் நாக்கின் பகுதிகளுக்கிடையே சிறு வேறுபாடுதான் இருந்தது. எட்வின் போரிங் என்ற உளவியலாளர் 1942-இல் தம் நூலில் அதை வரைபடமாக்கிய விதம், வேறுபாட்டைப் பெரிதாகக் காட்டிவிட்டது. 1974-இல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி அளந்து, வேறுபாடு மிகச் சிறிது என்று காட்டினார். படம் மட்டும் சாகவில்லை. பாகற்காய்ச் சாற்றில் ஒரு சொட்டை நாக்கின் நுனியில் வைத்தாலே வழக்கு முடிந்தது, முகம் சுளிக்கும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதுவே விதி. பிழையையும் அதே திடமான நடையில் சொல்லும். பாடநூலோடு ஒப்பிடத் தெரிந்த மாணவருக்கு அது துணை. அன்றிரவே வீட்டுப்பாடத்தை முடிக்க நினைப்பவருக்கு அது கண்ணி.

நம்பிக்கை: பணம் கட்டினால்தான் தரமானது கிடைக்கும்.

உண்மை: விற்பனையாளர் வீடு தேடி வந்து சந்தா விற்கும் செயலிகளில் நல்லவையும் இருக்கலாம். அதற்குமுன், ஏற்கனவே உங்களுடையதைத் திறந்து பார்த்தீர்களா? மலேசியக் கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா தளத்தில், பள்ளி மாணவருக்குக் கட்டணமின்றிக் கணக்கு உண்டு. மின்பாடநூல்களும் கற்றல் செயலிகளும் அதில் இருக்கின்றன. கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் தெரியாததால் திறக்கப்படாமலே கிடக்கும் கணக்குகள் பல. இந்த வாரம் பள்ளி வாசலில் வகுப்பாசிரியரைப் பார்த்தால், மதிப்பெண் விசாரிப்பதற்கு முன் அந்தக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குங்கள்.