பட்டனை அழுத்தினால் யாருக்குக் கேட்கும்? புளூடூத் பட்டன்: சில குறிப்புகள்

புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் பல மணி நேரம் பெரியவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். அவசரத்துக்குக் கூப்பிடவும், லைட், மோட்டார் போடவும் உள்ளங்கைக்குள் அடங்கும் புளூடூத் பட்டன்கள் இப்போது கிடைக்கின்றன. ஒருமுறை அழுத்தினால் ஒரு வேலை, இருமுறை அழுத்தினால் வேறு வேலை என்று நாமே அமைத்துக்கொள்ளலாம்.

1. பக்கத்து அறையில் மணி அடித்தால் போதும் என்றால் இது தேவையில்லை. சாதாரண வயர்லெஸ் காலிங் பெல்லே போதும். வெளியே இருப்பவருக்குத் தகவல் போக வேண்டுமென்றால் மட்டும் இதை வாங்குங்கள்.

2. பட்டன் தானாக யாருக்கும் போன் செய்யாது. அழுத்தியதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒரு சின்னத் தகவலை அனுப்பும்; அதோடு அதன் வேலை முடிந்தது. அந்த நொடியில் அதைக் கேட்க ஒரு கருவி பக்கத்திலேயே இருக்க வேண்டும். போனை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு பட்டனுக்கான செயலியை நிறுத்திவிடக்கூடும். போனோடு ஆளும் வெளியே போய்விடுவார். எந்நேரமும் ஓடி, பட்டனின் தகவலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வே ஒன்றை வீட்டு வைஃபையில் இணைத்து வையுங்கள். ஷெல்லி நிறுவனம் பட்டன், கேட்வே இரண்டையும் விற்கிறது. வீட்டில் ஏற்கெனவே ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள் ஓடுகிறதென்றால், சில நூறு ரூபாய் ஈஎஸ்பி32 போர்டே கேட்வே வேலையைப் பார்க்கும். பட்டனுக்குச் செலவழிப்பதைவிடக் கேட்வேக்குச் செலவழிப்பது மேல்.

3. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடாத இடங்கள் உண்டு. அதனால் தகவல் வேலைக்குப் போயிருக்கும் மகனுக்கு மட்டும் போகும்படி வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர், தெருவிலேயே இருக்கும் உறவினர் என்று குறைந்தது இரண்டு பேரைச் சேருங்கள். 108, 112 எண்களை அழைக்க வேண்டியது அவர்கள்தான் என்பதையும் முன்பே சொல்லி வையுங்கள்.

4. பெரியவர் கழுத்தில் தொங்கும் பட்டனுக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்க வேண்டும். எப்படி அழுத்தினாலும் அவசரம் என்றே அமையுங்கள். நடுங்கும் கை இருமுறை அழுத்துவதையும் நீண்ட நேரம் அழுத்துவதையும் கணக்குப் பார்க்காது. அழுத்தியதும் கூடத்தில் ஒரு விளக்கு எரியட்டும், மணி அடிக்கட்டும். தகவல் போய்விட்டது என்று தெரிந்தால் அவருக்குப் பாதி பயம் போய்விடும்.

5. குளியலறையில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒரு பட்டனை ஒட்டுங்கள். விழுந்தவருக்கு ஸ்விட்ச் உயரம் எட்டாது. தண்ணீர் தாங்கும் ரகமா என்று பார்த்து வாங்குங்கள். கான்கிரீட் சுவரும் இரும்பு பீரோவும் அலையைத் தடுக்கும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபடி அழுத்திப் பாருங்கள். தகவல் போகாவிட்டால் கேட்வேயை அருகில் கொண்டு வாருங்கள்.

6. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஊர் இருண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் போனாலும் பட்டன் வேலை செய்யும், ஆனால் ரௌட்டரும் கேட்வேயும் நின்றுவிடும். இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். இல்லையென்றால் ரௌட்டருக்கான சின்ன யூபிஎஸ் வாங்குங்கள்.

7. தண்ணீர் மோட்டாரைப் பட்டனில் போடலாம். ஆனால் மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். சாதாரண ஸ்மார்ட் பிளக் கருகிவிடக்கூடும். எலெக்ட்ரீஷியனை வைத்து கான்டாக்டர் எனும் மின் ஸ்விட்ச் வழியாக இணையுங்கள். குறிப்பிட்ட நிமிடத்தில் தானாக நிற்கும்படியும் வையுங்கள். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் வேண்டவே வேண்டாம்.

8. கதவுப் பூட்டை இதோடு இணைக்காதீர்கள். என்க்ரிப்ஷன் இல்லாத பட்டனின் தகவலை அருகில் இருக்கும் யாரும் பிடித்துப் போலி செய்யலாம். செட்டிங்கில் என்க்ரிப்ஷன் வசதி இருந்தால் இன்றே போட்டுவிடுங்கள்.

9. பெரும்பாலும் இதில் இருப்பது சிஆர்2032 பேட்டரி: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று, தீர்ந்ததோ இல்லையோ மாற்றிவிடுங்கள். பழையதை இருபுறமும் டேப் ஒட்டிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல், உடனே ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பேட்டரி வந்த அட்டையும் கையில் இருக்கட்டும்.